பில் எண் ஒன்று

லியபாயாவில் டிராம் பாதை ஒன்றே ஒன்று.
அதை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.
கடைசி வண்டியை ஷெட்டில் விட்டுக்
கையுறை கழற்றும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.
எழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதினோரு வருஷம் இப்படித்தான் சொல்லிவந்தேன்:
வந்தால் வரட்டும்,
வராவிட்டால் யார் காத்திருக்கிறார்கள்?
யாரும் காத்திருக்காததில் ஒரு சுகம் இருந்தது.
அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் மூன்றாம் மாடி சிகுர்ட்ஸ்
கதவைத் தட்டினார்.
அக்கா மிர்ட்சா போய்விட்டாள்,
கல்லறையில் பேசுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.
"நீ ஏதோ எழுதுவாயாமே.
ரெண்டு பக்கம். சனிக்கிழமைக்குள்."

அந்த 'ஏதோ'
காலணிக்குள் புகுந்த கல்.
ஐந்து நிறுத்தம் அதன்மேல் நின்று ஓட்டினேன்.

மறுநாள் படிக்கட்டில் சொன்னேன்: நாற்பது யூரோ.
சொன்னது என் வாய்தான்,
காதுதான் நம்பவில்லை.
"சாவுக்குக் காசா?" என்றார்.

பெட்டி செய்தவன் வாங்கினான்.
பூக்காரி ரிப்பனுக்குத் தனியாக வாங்கினாள்.
மண் உறைந்து கிடக்கிறதென்று
குழி வெட்டியவர்கள் கூடுதலாக வாங்கினார்கள்.
இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.
அவரே மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது.
"முப்பது."
"நாற்பது. வெள்ளி மாலை ஆறு மணிக்கு உங்கள் கையில்."

பயம் அதற்கப்புறம்தான் வந்தது.
சும்மா எழுதும்போது
தப்பு என் வீட்டுத் தப்பு.
இனி அதில் அவருக்கும் பங்குண்டு.

கேள்வி கேட்கப் போனேன், நோட்டுடன்.
மிர்ட்சா முப்பது வருஷம்
சர்க்கரை ஆலை எடைமேடையில் நின்றவள்.
கார்னேஷன் பூ பிடிக்காது.
மணவிலக்கான கணவனின் பெயரை
நாய்க்கு வைத்தவள்.
(இதைச் சொல்லும்போது சிகுர்ட்ஸ் முதல்முறை சிரித்தார்.)

இரவு இரண்டு மணிக்கு ஒரு வரி வந்தது.
கடல், படகு, திரும்பாத கரை.
நானே அழுதேன்.
மறுநாள் கால்வாய்ப் பாலத்தில் வண்டி ஏறும்போது புரிந்தது:
அந்த வரியில் மிர்ட்சா இல்லை.
நான் மட்டும் இருந்தேன்,
தலைவாரிப் பொட்டழகு பார்த்துக்கொண்டு.
சிவப்பு விளக்கில் அதை அடித்தேன்.

வெள்ளி. ஐந்து ஐம்பது.
நின்றபடியே படித்தார்.
"இந்த நாய் வேண்டாம்.
அந்த ஆள் நாளைக்கு வருகிறான்."
என் உயிர் இருந்ததே அந்த நாயில்தான்.
வாதாட எட்டுக் காரணம் நாக்கில் நின்றன.
எடுத்துவிட்டேன்.
நாய் அவர்களுடையது.

சனிக்கிழமை எனக்குப் பகல் முறை.
கல்லறை நிறுத்தத்தில் கறுப்புக் கோட்டுகள் ஏறின.
பைன் குச்சி ஒட்டிய கையுறைகள்.
ஓட்டுநர் கண்ணாடிக்கு அப்பால்
உதடுகள் அசைந்தன:
என் வரியைப் பற்றியோ,
பனியைப் பற்றியோ.
திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது.
அட்டவணைக்கு இரண்டு நிமிஷம் பின்தங்கியிருந்தேன்.
மணியடித்துக் கதவை மூடினேன்.

திங்கள் காலை கதவடியில் ஓர் உறை.
முப்பத்தைந்து யூரோ.
கைப்பிடியில் தொங்கிய பையில்
புகையூட்டிய தட்டைமீன் ஒன்று, கொழுத்தது.

மீனைத் தின்றேன். ருசிதான்.
பிறகு கடைக்குப் போய்
ஐம்பது தாள் பில் புத்தகம் வாங்கினேன்.
பொருள்: நினைவுரை, இரண்டு பக்கம்.
திருத்தம்: ஒன்று, கட்டணமில்லை.
வரவு: முப்பத்தைந்து.
பாக்கி: ஐந்து.
கீழே பொடி எழுத்தில்,
மீனுக்குத் தனியாக நன்றி.

'எழுதியவர்' என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு முழுப் பெயரையும் எழுதினேன்,
சம்பளச் சீட்டில் இருக்கிற மாதிரியே.

பாக்கி இன்னும் வரவில்லை.
படியில் பார்த்தால் சிகுர்ட்ஸ்
வானிலை பேசிக்கொண்டே வேகமாக இறங்குகிறார்.

நேற்று யாரும் சாகவில்லை, யாரும் கேட்கவில்லை.
ஷெட்டிலிருந்து வந்து, கை கழுவி,
ஒன்றே காலுக்கு உட்கார்ந்தேன்.
மூன்று மணிவரை
உருப்படியாக ஒன்றும் இல்லை.
விளக்கை அணைத்தேன்.
நாளைக்கும் ஒன்றே கால்.